பதவி உயர்வை மறுப்பது தியாகமா?

பெங்களூரு, புனே, ஹைதராபாத் போன்ற நகரங்களில் பெரிய நிறுவனங்களில் பணியாற்றும் சாதகர்கள் பலருக்கு எழும் ஐயம் இது: "பதவி உயர்வு வருகிறது. ஏற்றால் ஊதியம் பெருகும்; ஜபத்திற்கும் பெற்றோருக்கும் நேரம் இராது. மறுத்துவிட்டு இப்போதுள்ள சிறிய பொறுப்பிலேயே இருந்துவிட்டால் அது தியாகமா, கோழைத்தனமா?"

கீதையின் 18-ஆம் அத்தியாயம் இதற்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. 7 முதல் 9 வரையுள்ள சுலோகங்களில் தியாகம் மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். உடல் வருத்தத்திற்கு அஞ்சி விடுவது ராஜசம். அதனால் தியாகத்தின் பலன் கிட்டாது. கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவது சாத்விகம். இந்த மூன்றாவது வகையில் செயல் விடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, மறுத்ததனாலேயே ஒருவர் தியாகி ஆகிவிடுவதில்லை. எதற்காக மறுத்தார், மறுத்தபின் எவ்வாறு உழைக்கிறார் என்பவையே அளவுகோல்.

மேலைநாட்டுத் தத்துவ வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹாலந்தில் வாழ்ந்த தத்துவ ஞானி ஸ்பினோசா, கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடும் தொழிலைச் செய்தவர். 1673-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. கற்பிக்கத் தொடங்கினால் தம் ஆராய்ச்சி தடைபடும் என்றும், அங்கே கருத்துச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தெளிவாக இல்லை என்றும் கூறி, அவர் பணிவுடன் மறுத்தார். இதனினும் உயர்ந்த பதவியை எதிர்பார்த்து அன்று, அமைதியை நாடியே மறுப்பதாகவும் எழுதினார். அதன்பின் அவர் சோம்பியிருக்கவில்லை. அவருடைய வில்லைகளின் நேர்த்தியை விஞ்ஞானி ஹைகன்ஸ் முன்னரே மெச்சியிருந்தார். அவரது 'எதிக்ஸ்' என்னும் பெருநூல் 1677-இல் அவர் மறைந்தபின் வெளிவந்தது.

முடிவெடுக்குமுன் சாதகர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: குடும்பத்தின் நியாயமான தேவைகள் நிறைவேறுமா? பெற்றோரின் மருத்துவமோ பிள்ளைகளின் கல்வியோ தடைபடுமாயின், பதவியை ஏற்பதே அவருக்குத் தர்மமாகலாம்.

இரண்டாவது: நான் அஞ்சுவது மனச் சிதறலுக்கா, உழைப்புக்கா?

மூன்றாவது: நாளை என்னிடம் தொழில் கற்ற இளையவர் எனக்கே மேலதிகாரியாக வந்தால், அவருக்கு மனமுவந்து ஒத்துழைப்பேனா? உள்ளம் எரியுமாயின், விட்டது நாற்காலியை மட்டுமே. ஆசை அப்படியே இருக்கிறது.

தினமும் தியானத்திற்குப்பின் இக்கேள்விகளை நிதானமாகச் சிந்திப்போம். வீட்டாரையும் கலந்து முடிவெடுப்போம். எடுத்தபின், கையிலுள்ள பணி சிறியதாயினும் அதைக் குறைவின்றிச் செய்வோமாக.