பெருந்தொற்றுக் காலத்தில் கட்டைக்கூத்து: காஞ்சிபுரம் வட்டாரக் கூத்துச் சமூகத்தின் எதிர்வினை

கோவிட் காலத்தில் நாட்டுப்புறக் கலைஞர் ஆற்றிய பங்கு பெரும்பாலும் 'விழிப்புணர்வு' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்படுகிறது. எமன் வேடமிட்டுச் சாலையில் நின்றவரும், பறையறைந்து முகக்கவசம் அணியச் சொன்னவரும் செய்தித்தாள் படங்களாக எஞ்சியுள்ளனர். கூத்துச் சமூகத்தின் எதிர்வினையை அப்படங்களைக் கொண்டு அளக்க இயலாது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் அச்சமூகத்தின் முதற்கவலை, நோயைப் பற்றி ஆடுவதன்று. ஆடாத பருவத்தில் ஜமா கலையாமல் காப்பதேயாகும்.

பருவமும் தடையும்

திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி முதல் ஆடி வரை நடைபெறும் பாரத விழாவே கட்டைக்கூத்துக் கலைஞரின் ஆண்டு வருவாய்க்கு அடித்தளம். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும் என அவ்விழா அமையும். 2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது பங்குனி பாதியை எட்டவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 10 முதல் தமிழகத்தில் கோயில் திருவிழாக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இரு தடைகளும் கூத்துப் பருவத்தின் தொடக்கத்திலேயே விழுந்தன. மழைக்காலத்தில் வந்திருந்தால் இழப்பின் அளவே வேறு.

ஜமாவின் பொருளியல் முன்பணத்தைச் சார்ந்தது. பருவம் முழுவதும் தம்மோடு ஆடுவதாக ஒப்பும் நடிகருக்கு ஜமா நடத்துபவர் முன்கூட்டியே தொகை அளிப்பார். ஊரார் தரும் கூலியிலிருந்து அது நேர்செய்யப்படும். ஆட்டம் நின்றால் முன்பணம் கடனாக உருமாறும். அக்கடன் நடிகரை அடுத்த பருவத்திற்கும் அதே ஜமாவோடு பிணைக்கும். அல்லது அவர் வேறு வேலை தேடி வெளியேறுவார். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் வழி அரசு அளித்த உதவித்தொகை, பதிவு பெற்ற உறுப்பினரையே சென்றடைந்தது. பருவத்திற்கு மட்டும் ஒப்பனை தொட்டு, ஏனைய நாள்களில் உழவுக்கூலியாக வாழ்பவர் அப்பதிவேட்டில் இடம்பெறாமற் போவது எளிது. 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் கலைஞரை ஒருங்கிணைக்க முயன்ற வரலாற்றின் தேவை இங்கே விளங்குகிறது. அச்சங்கம் 2002 முதல் புஞ்சரசந்தாங்கலில் நடத்திவந்த குருகுலம் 2020இல் மூடப்பட்டது. மூடலை நோயோடு மட்டும் இணைப்பது எளிமைப்படுத்தலாகும். ஆயினும் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்றிய களம் அவ்வாண்டில் இல்லாமற் போனமை சிறிய செய்தியன்று.

கூடுதல் என்னும் சிக்கல்

நோய்க்காலக் கட்டுப்பாடு கிராமத்திற்குப் புதிதன்று. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகி அயலாரை விலக்குவது மரபு. விழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கலாகாது என்னும் விதியும் உண்டு. விலகியிருத்தலை மரபு அறிந்திருந்தது; ஆனால் அம்மனுக்கு ஊர் கூடி எடுக்கும் விழாவையே அபாயமெனக் கொள்ளும் நிலையை அது அறிந்ததில்லை. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் நேர்ந்துகொள்ளப்பட்ட கூத்து, நோயின் பெயரால் நிறுத்தப்பட்டது.

இணையவழி நிகழ்த்துதல் இதற்கு மாற்றாகுமா என்னும் வினா அப்போது எழுந்தது. பாடலையும் அடவையும் கைப்பேசித் திரை ஓரளவு ஏற்கும். அர்ச்சுனன் தபசில் மரமேறும் நடிகர் மேலிருந்து எறியும் எலுமிச்சையைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுவர். அதைத் திரை ஏற்காது. படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் உருவைச் சூழ்ந்து நிற்கும் ஊரும் அதில் அடங்காது. முகவீணை ஊதுபவர் முகக்கவசம் அணிய இயலாது என்பதையும் கருதவேண்டும். மேடைக்கலைகளுக்கு வகுத்த விதிகள் இக்கலைக்குப் பொருந்தாமைக்கு இதுவே போதிய சான்று.

விழிப்புணர்வுக்குக் கூத்தில் இடமே இல்லை என்பதும் பொருந்தாது. கதையின் காலத்துக்குள்ளும் வெளியிலும் உலவும் உரிமை கட்டியக்காரனுக்கு உண்டு. தொடக்கத்தில் ஊர்நடப்பைப் பேசிச் சிரிக்கவைக்கும் அவன், கைகழுவுதலையும் தடுப்பூசியையும் அங்கே பேசமுடியும். எய்ட்ஸ் பரப்புரைக்குக் கூத்து பயன்பட்டதும் இத்தகைய நெகிழ்வால்தான். ஆனால் கட்டியக்காரன் பேச அவை வேண்டும். 2020இல் இல்லாதிருந்தது அதுவே.

தொழிற்சாலையும் கோயிற்களமும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. விளைநிலம் தொழிற்பேட்டையான ஊர்களில் விழாவுக்கான ஊர்வரி நெல்லைவிட மாதச் சம்பளத்தையே நம்பியுள்ளது. விடியும்வரை கூத்துப் பார்ப்பதையும் ஷிப்டு நேரமே முடிவுசெய்கிறது. 2021 மே மாத முழு ஊரடங்கில் இங்குள்ள கார்த் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி பெற்றன. அச்சமுற்ற ஒரகடத் தொழிலாளர் சங்கம் ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. மாத இறுதியில் ஆலைகள் சில நாள் மூடப்பட்டன. ஒரே வட்டாரத்தில், ஒரே மாதத்தில், உற்பத்தி வரிசையில் கூடுதல் இன்றியமையாதது என்றும் கோயிற்களத்தில் கூடுதல் தவிர்க்கத்தக்கது என்றும் வகுக்கப்பட்டன. மருத்துவ நோக்கில், திறந்தவெளிக் களத்தினும் மூடிய கூடம் பாதுகாப்பானதன்று. இப்பகுப்பின் அளவுகோல் நோய்ப்பரவல் மட்டுமன்று. எந்த உழைப்பு உழைப்பாகக் கருதப்பட்டது என்பதும் அதில் அடங்கியுள்ளது. ஆலைத் தொழிலாளருக்கு முறையிடச் சங்கமும் வேலை அட்டையும் இருந்தன. கூத்து நடிகரிடம் இருந்தது, நேர்செய்யப்படாத முன்பணக் கணக்கு.