ஏரிக்கரையில் ஒரு வானொலி நிலையம்

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பதும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி உயிர்நீத்த இடம் என்பதும் நாம் அறிந்தவையே. அந்த ராஜீவ் காந்திக்கு வி.யு.2 ஆர்.ஜி. என்று இன்னொரு பெயரும் இருந்ததை அறிந்தவர் சிலரே. அது அவருடைய வானொலி அழைப்புக்குறி. அவர் ஒரு அமெச்சூர் வானொலியாளர். சுருக்கமாகச் சொன்னால் ‘ஹாம்’. வி.யு. என்று தொடங்கும் குறியைக் கேட்டதுமே, பேசுபவர் இந்தியர் என்று உலகெங்கும் உள்ள ஹாம்கள் தெரிந்துகொள்வர்.

ஹாம் என்பவர் பாட்டும் செய்தியும் ஒலிபரப்புபவர் அல்லர். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவியால் மற்ற ஹாம்களோடு பேசுபவர். இதற்காக அவர் ஊதியம் வாங்கக் கூடாது. வாணிபச் செய்தி அனுப்பக் கூடாது. செல்பேசிக்கு வேண்டிய கோபுரமும் கம்பெனியும் இவருக்கு வேண்டியதில்லை. சிற்றலை, பூமிக்கு மேலே சில நூறு கி.மீ. உயரம் வரை பரந்துள்ள அயனி மண்டலத்தில் வளைந்து கீழே இறங்கும். தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் மேலே ஏறும். இப்படித் தாவித் தாவியே அது கண்டம் கடக்கிறது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இன்று ஓர் இடையூறு உண்டு. தொழிற்சாலை மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், வெல்டிங் இயந்திரங்கள், நம் வீட்டு எல்.இ.டி. விளக்குகள், செல்பேசி சார்ஜர்கள் ஆகிய யாவும் சிறிது வானொலி இரைச்சலைக் கக்குகின்றன. நம் காதுக்கு அது எட்டாது. வானொலிப் பெட்டியிலோ ‘கொர்’ என்று ஓயாமல் கேட்கும். சந்தை நடுவே நின்று ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது எப்படியோ, அப்படித்தான் இங்கே தொலைதூரக் குரலைக் கேட்பதும்.

ஆகவே ஹாம்கள் வெளியூர்ப் பயணிகள் ஆகிறார்கள். குன்றின் உச்சி, கடற்கரை, ஏரிக்கரை என்று இரைச்சல் குறைந்த இடம் தேடுவார்கள். செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகள் இருக்கும் நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வேண்டிய சாமான்களும் மிகச் சில: 12 வோல்ட் பேட்டரி ஒன்று, கைப்பெட்டி அளவு வானொலி ஒன்று, ஏறத்தாழ 10 மீட்டர் செம்புக் கம்பி. 20 மீட்டர் அலைவரிசைக்கு அதில் பாதி நீளம் போதும் என்பதே இந்த 10 மீட்டரின் கணக்கு. கயிற்றில் கல்லைக் கட்டி மரக்கிளைமேல் வீசிக் கம்பியை ஏற்றிவிட்டால் வானலை வாங்கி தயார்! பத்து வாட் ஆற்றலே போதும்; நம் வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்றின் அளவுதான்.

பயணம் ஒருபுறம் இருக்க, ஹாம்களின் திருவிழா எனத்தக்கது போட்டி. ‘சி.க்யூ. வேர்ல்ட் வைட்’ என்னும் போட்டி ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் குரலிலும், நவம்பர் இறுதியில் மோர்ஸ் குறியிலும் நடக்கிறது. நம் கடிகாரப்படி சனி காலை 5.30க்குத் தொடங்கி, திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம். (அக்டோபர் கடைசி நமக்கோ வடகிழக்குப் பருவமழைக் காலம். இடி மின்னல் வந்தால் போட்டியை மறந்து, கம்பியைக் கழற்றிவிடவே வேண்டும்.)

போட்டியில் நலம் விசாரிக்க நேரமில்லை. அழைப்புக்குறி, ‘ஐந்து ஒன்பது’ என்ற ஒலித்தர மதிப்பு, மண்டல எண் இவ்வளவே பரிமாற்றம். இந்தியா 22ஆம் மண்டலம். நம் ஹாம் வேறு கண்டத்தாரோடு பேசினால் 3 புள்ளி, ஆசியாவின் வேறு நாட்டாரோடு பேசினால் 1, நம் நாட்டாரோடு பேசினால் புள்ளி இல்லை. மொத்தப் புள்ளிகளை, தொடர்பு கிடைத்த நாடுகள், மண்டலங்கள் இவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலில்தான் சூட்சுமம். ஒருவரிடம் 130 புள்ளிகளும் 25 பெருக்கிகளும் இருப்பதாகக் கொள்வோம், மதிப்பெண் 3,250. ஏற்கெனவே பேசிய ஜெர்மனியில் இன்னொருவர் கிடைத்தால் 133 × 25 = 3,325. மாறாக, ஒரே புள்ளி தரும் நேபாளம் புதிதாகக் கிடைத்தால் 131 × 26 = 3,406! அரிய நாட்டுக்கு ஏன் இத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். நேபாளம் என்றாலே உலக ஹாம்களுக்கு நெடுங்காலம் ஒரே குரல்தான். அது காத்மாண்டுவில் பள்ளி நடத்திய இயேசு சபைத் துறவி மார்ஷல் மோரன் அடிகளாருடையது.

குறியைத் தவறாக எழுதினால் அந்தத் தொடர்பு செல்லாது. தண்டப் புள்ளியும் கழியும். ‘பி’யும் ‘டி’யும் இரைச்சலில் ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே ஆர்.ஜி. என்பதை ‘ரோமியோ கால்ஃப்’ என்றே சொல்வார்கள். விளையாட்டுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று தோன்றலாம்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, குழுவினருடன் போர்ட் பிளேர் சென்றார். பல ஆண்டுகளாக ஹாம் குரலே கேட்காத அந்தமான், உலகத்தார் அனைவருக்கும் அரிய இடம். வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அவருடைய குறியை ஆயிரக்கணக்கானோர் அழைத்தனர். ஒரே நேரத்தில் நூறு குரல்கள் மோத, அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துப் பிழையின்றி எழுதுவதே அவர் வேலை. டிசம்பர் 26 காலை 6.29க்கு நிலம் நடுங்கியது. பின் கடல் ஏறியது. தொலைபேசிகள் ஓய்ந்தன. உல்லாசத்துக்குக் கொண்டுபோன அதே கருவிகள் அன்று முதல் தீவுகளின் செய்தித் தொடர்பாயின. குழுவினர் கார் நிகோபாரிலும் நிலையம் அமைத்தனர். இம்முறை எழுதியவை போட்டிக் குறிகள் அல்ல, உயிரோடிருப்போரின் பெயர்கள். அங்கே ஓர் எழுத்து மாறினால் நாட்டின் மறுகோடியில் ஒரு தாய் வேறொருவர் பிள்ளையின் செய்தியைப் பெற்றிருப்பாள்.

இந்தத் தேர்வை எழுத 12 வயது நிறைந்தால் போதும். நம்மில் ஏழாம் எட்டாம் வகுப்பினரும் எழுதலாம். மின்னியல் அடிப்படையும் வானொலி விதிகளும் பாடம். பொதுத் தர உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும்; வரையறுக்கப்பட்ட தரத்துக்கு அதுவும் வேண்டாம்.