திரைப்படத்தில் நான்காம் சுவர்

நாடக மேடையைக் கூர்ந்து நோக்கினால் அதற்கு மூன்று சுவர்களே இருப்பதைக் காணலாம். பின்புறம் ஒன்று, பக்கங்களில் இரண்டு. நான்காவது பக்கம் நமக்காகத் திறந்திருக்கிறது. ஆயினும் அங்கும் ஒரு சுவர் இருப்பதாக எண்ணி, அவையோர் இருப்பதையே மறந்து நடிக்க வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் டெனி திதரோ 1758-இல் எழுதினார். கண்ணுக்குப் புலனாகாத இச்சுவரே பிற்காலத்தில் ‘நான்காம் சுவர்’ எனப் பெயர் பெற்றது. பாத்திரம் நம் பக்கம் திரும்பி நம்மிடமே பேசும்போது இச்சுவர் உடைகிறது. திரைப்படத்தில் இவ்வுடைப்பு எதற்காக நிகழ்கிறது, அதனால் பார்வையாளன் அடைவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவரில்லா அரங்குகள்

இச்சுவர் எல்லா நாட்டு அரங்குகளுக்கும் பொதுவானதன்று. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் நிற்பான். மறுகணம் அவையோரிடமும் பேசுவான். அங்கே உடைப்பதற்குச் சுவரே இல்லை. 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்ட ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், சீன நடிகர்கள் நான்காம் சுவர் இருப்பதாகப் பாவித்து நடிப்பதில்லை என்று வியந்து எழுதினார். பார்வையாளன் கதையில் மூழ்கிக் கண்ணீர் விட்டு வீடு திரும்பினால் போதாது. ‘இது ஏன் இப்படி நடக்கிறது?’ என்று விழிப்போடு சிந்திக்க வேண்டும் என்பதே பிரெக்டின் கொள்கை.

திரையில் மூவகை உடைப்பு

திரைப்படத்தில் இச்சுவர் நாடகத்தினும் வலியது. மேடை நடிகன் நம் இருமலையாவது கேட்பான். திரையில் தோன்றுபவனுக்கு நாம் இருப்பதே தெரியாது. எனவே நடிகர் கேமராவை நேரே பார்க்கலாகாது என்பது கதைப்படங்களின் எழுதாத விதியாயிற்று. அவ்விதியை மீறியோர் மூவேறு பயன்களைக் கண்டனர்.

முதலாவது, திகைப்பு. எட்வின் போர்ட்டர் 1903-இல் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ படத்தில் கொள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியை நம்மை நோக்கி நீட்டிச் சுடுகிறான்.

இரண்டாவது, நகைப்பு. 1932-இல் வெளிவந்த ‘ஹார்ஸ் ஃபெதர்ஸ்’ படத்தில் சகோதரர் இசைக்கத் தொடங்கியதும் க்ரௌச்சோ மார்க்ஸ் நம்மிடம் வந்து, தான் இருந்தே தீர வேண்டும், நீங்களாவது வெளியே போய் வரலாமே என்கிறார்.

மூன்றாவது, வினா. இங்மார் பெர்க்மனின் ‘சம்மர் வித் மோனிகா’ (1953) படத்தில், கணவனையும் கைக்குழந்தையையும் மறந்து வேறொருவனோடு அமர்ந்திருக்கும் மோனிகா, சிகரெட்டைப் பற்றவைத்து மெல்லத் திரும்பி நம்மையே நோக்குகிறாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அவளைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முற்பட்ட நாம், அப்பார்வையின் முன் தயங்குகிறோம்.

மிருணாள் சென்னின் ‘இண்டர்வியூ’

இம்மூன்றாம் வகையைச் சமுதாய வினாவாக வளர்த்தவர் வங்க இயக்குநர் மிருணாள் சென். அவருடைய ‘இண்டர்வியூ’ 1971-இல் வெளிவந்தது. கல்கத்தாவில் ஆங்கில ஆட்சியாளர்களின் சிலைகள் பீடங்களிலிருந்து இறக்கப்படும் காட்சிகளோடு படம் தொடங்குகிறது. கதையோ மிக எளியது. ஓர் இளைஞனுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. கோட்டும் சூட்டும் வேண்டும். அவனுடைய சூட் சலவைக் கடையில்; சலவைத் தொழிலாளர்களோ வேலைநிறுத்தத்தில். இரவல் வாங்கிய சூட்டும் வழியில் தொலைகிறது. இறுதியில் வேட்டி கட்டிச் செல்கிறான், வேலை கிடைக்கவில்லை. சிலைகள் இறங்கின, சூட் இறங்கவில்லை.

இந்தக் கதையின் நடுவே டிராமில் ஒரு காட்சி. சக பயணி புரட்டும் சினிமாப் பத்திரிகையில் அவன் படமே இருக்கிறது. உடனே அவன் நம்மிடம் திரும்புகிறான். தன் பெயர் ரஞ்சித் மல்லிக் என்றும், தான் நட்சத்திரம் அல்லன் என்றும், மிருணாள் சென் கேமராவோடு தன்னைப் பின்தொடர்கிறார் என்றும் சொல்கிறான். படமெடுக்கும் கேமராவே திரையில் தெரிகிறது. தன் தாயாக நடிப்பவர் கருணா பானர்ஜி என்று கூறி, ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) அவர் தாயாக நடித்த காட்சியையும் காட்டச் செய்கிறான். படம் முடியும் தறுவாயில் பார்வையாளர் தரப்பிலிருந்து ஒரு குரல் அவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது.

இதனால் விளைவது என்ன? ‘பாவம், கதாநாயகனுக்கு வேலை போயிற்று’ என்று இரங்கி எழுந்து செல்ல நம்மால் இயலவில்லை. திரையில் நிற்பவன் கற்பனை மனிதன் எனில் அவன் துன்பமும் படத்தோடு முடிந்துவிடும். இவனோ தெருவில் நம்மோடு நடப்பவன் என்று இயக்குநர் மெய்ப்பித்துவிட்டார். ஆகவே அவன் துன்பம் அரங்கின் வாயிலைத் தாண்டி நம்மோடு வருகிறது. வேலை தேடும் இளைஞர் எவருக்கும் அது அயலான் கதையன்று.

முடிவுரை

பலமுறை உடைபட்ட சுவர் வாயிலாகிவிடுகிறது. 2016-இல் வந்த ‘டெட்பூல்’ படத்தின் நாயகன் ஓயாது நம்மிடம் பேசுகிறான். நாமும் ஓயாது சிரிக்கிறோம். ஆனால் நம் இருக்கை சற்றும் அசைவதில்லை. ஆதலின் பாத்திரம் நம்மைப் பார்த்ததா என்பதை மட்டும் கொண்டு ஒரு படத்தின் புதுமையை அளத்தல் பொருந்தாது. பார்த்தபின் நம்மிடம் எதைக் கேட்டது என்பதே அளவுகோல். திரைப்படத்தைப் பொழுதுபோக்காக மட்டுமன்றிக் கலையாகவும் பயில விழையும் மாணவர்கள், அடுத்த முறை திரையிலிருந்து ஒரு முகம் தம் பக்கம் திரும்பும்போது இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பார்களாக.