பழைய காரும் பழுதான கியர்ப் பெட்டியும்

முதுமை வேறு, நோய் வேறு. எண்பது வயதுப் பெரியவருக்குக் காய்ச்சல் வந்தால், “வயதாகிவிட்டது” என்று சொல்லி எவரும் மருந்து கொடுக்காமல் இருப்பதில்லை. ஆனால் பழைய கார் ஒன்று பழுதடைந்துவிட்டால் மட்டும், “பழைய இரும்புக் கடையில் போடு” என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு எப்பொழுது சரி, எப்பொழுது தவறு என்பதை என் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனான என்னிடம் பதினாறு வயதுடைய சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. பெயருக்குத்தான் அது என்னுடையது. உண்மையில் நம் தமிழ் மாணவர் எல்லோருக்கும் அது பொது. முகல்சராயில் நள்ளிரவு ரயிலில் வந்திறங்கும் புதிய மாணவரை அழைத்து வருவதும் அதுதான்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, கடுங்காய்ச்சலில் நடுங்கிய தம்பி ஒருவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பாதி வழியில் இரண்டாம் கியர் விழ மறுத்தது. கல்லை அரைப்பது போன்ற ஓசை! முதற் கியரிலேயே ஊர்ந்து சென்றோம். “அண்ணா, நான் இறங்கி நடந்துவிடட்டுமா?” என்று அவன் கேட்ட குரல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். திறந்துகூடப் பாராமல், “கியர்ப் பெட்டியையே மாற்ற வேண்டும், 30,000 ரூபாய்” என்றார்கள். “அறுபதாயிரம் பெறாத வண்டிக்கு முப்பதாயிரமா? விற்றுவிடு” என்றனர் நண்பர். “போன மாதந்தானே 12,000 ரூபாய்க்கு டயர் போட்டோம், எப்படி விற்பது?” என்றது என் மனம். இரண்டுமே அறிவுக்கு ஒவ்வாத வாதங்கள் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முதலில், கியர்ப் பெட்டி செய்யும் வேலை என்ன? எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலிமை குறைவு. ஆகவே அதை வேகமாகச் சுழலவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிப் புறப்பட வேண்டும். வேகம் கூடக்கூட இந்த விகிதத்தை மாற்றிக்கொண்டே போகவேண்டும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பகுதிகளை முரட்டுத்தனமாக இணைத்தால் பற்கள் மோதும். இணைவதற்கு முன் அவற்றை ஒரே வேகத்திற்குக் கொண்டுவருவது பித்தளை வளையம் ஒன்று. சிங்க்ரோ வளையம் என்பர். காடிலாக் கார்களில் 1928-ஆம் ஆண்டில் புகுந்த இவ்வமைப்பு, பின்னர் உலகெங்கும் பரவியது. நெரிசல் மிக்க நகரத்தில் அதிகமாக உழைப்பது இரண்டாம் கியர். எனவே அதன் வளையமே பெரும்பாலும் முதலில் தேய்கிறது.

இனி, நோயை அறியும் வழிகளைக் காண்போம். வண்டி நிற்கையில் கிளட்சை முழுதும் மிதித்து, சில நொடி பொறுத்து, ரிவர்ஸ் கியரைப் போடுக. அப்பொழுதும் அரைத்தால், குற்றம் கிளட்சிடம் இருக்கலாம். நியூட்ரலில் எழும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் மறைந்தால், உள்வரும் அச்சின் பேரிங் தேய்ந்துள்ளது எனலாம். ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் வளையத்தையே ஐயுறுக. இறுதியாக, ஆயிலை வடித்துத் துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சள் பொடி மட்டும் தெரிந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. எஃகுச் சில்லுகள் தெரிந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

லங்காக் கடைத்தெருவில் ஒரு முதிய மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ‘உஸ்தாத்’. அவருடன் இச்சோதனைகளைச் செய்தேன். இரண்டாம் கியர் மட்டுமே அரைத்தது. துணியில் மஞ்சள் பொடி, சில்லு ஒன்றுமில்லை. இருக்கவேண்டிய ஆயிலிலோ பாதிதான் இருந்தது! வளையம், ஆயில் சீல், பெட்டியை இறக்கும்போதே மாற்றிவிடத்தக்க கிளட்ச் தட்டு, கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் என்றார்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். பழுதோடு விற்றால் 25,000 ரூபாய் கிடைக்கும். அதே தரத்தில் ஓடும் கார் வாங்க 60,000 ஆகும். ஆக, 35,000 ரூபாய் கையிலிருந்து போகும். பழுதுபார்க்க 30,000 என்றால் இரு வழியும் ஏறத்தாழச் சமம். 11,500 என்றால் ஐயமே இல்லை. டயருக்குக் கொடுத்த பணம் கணக்கில் சேராது. அது போனது போனதுதான். ஆனால் அந்த டயர் இனி ஓடப்போகும் ஓட்டம் சேரும். பதிவும் அப்படியே. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. என் வண்டிக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கவில்லை. அடித்தட்டைத் தட்டிப் பார்த்தேன், துரு அரித்திருக்கவில்லை. அரித்திருந்தால் புதிய கியர்ப் பெட்டியும் வீண். மேலும், “திறந்த பின் பல் உடைந்திருக்கக் கண்டால், 15,000-க்கு மேல் வேண்டாம், மூடிவிடுங்கள்” என்று உஸ்தாதிடம் முன்னதாகவே கூறிவிட்டேன். வரம்பைப் பெட்டி திறக்கும் முன் வகுக்கவேண்டும். திறந்தபின் மனம் இளகிவிடும்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. இரண்டாம் கியர் வெண்ணெயில் கத்தி போல் இறங்கிற்று.

ஆனால் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும். ஆறு மாதமாக வண்டியின் கீழ் ஆயில் சொட்டியது. தரை கறைபடாமல் இருக்க ஓர் அட்டையை விரித்து வைத்தேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை. சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்கவேண்டிய சீல் பழுதுதான், காய்ச்சலில் துடித்த ஒரு தம்பியை நடுவழியில் தவிக்கவிட இருந்தது. என்னை அன்று ஏமாற்றியது காரின் முதுமையன்று, என் அலட்சியமே. உங்கள் வண்டியின் கீழும் அட்டை இருந்தால், நண்பர்களே, இன்றே குனிந்து பாருங்கள்!