வெளித்திரை உறைந்தால்: பரிகாரங்களும் அவற்றின் விலையும்

லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்துக் கணினியை மறுபடி தொடங்கி, வழக்கம்போல லாப்டாப்பை டாக்கில் பொருத்தி வேலைக்கு அமர்ந்த ஒருவர், சற்று நேரத்தில் வெளி மானிட்டரின் கடிகாரம் ஒரே நிமிஷத்தில் நின்றுவிட்டதையும், லாப்டாப்பின் சொந்தத் திரை மாத்திரம் யாதொரு குறையுமின்றி இயங்குவதையும் காண்பாராயின், அவருக்கு யோசனை சொல்வோருக்குப் பஞ்சமிராது. பழைய கெர்னலுக்குத் திரும்பச் சொல்வார் ஒருவர். பூட் வரியில் ஏதோ ஒன்றைச் சேர்க்கச் சொல்வார் இன்னொருவர். எல்டிஎஸ் கெர்னலே சரணம் என்பார் மூன்றாமவர். இவை யாவும் எவருக்கோ பலித்த உபாயங்களே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டாதலால், எந்தச் சந்தர்ப்பத்தில் எந்த விலையைக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து தெளிவதே உசிதம்.

முதலில் நிர்ணயம்

உறைந்தது எது என்று அறியாமல் பரிகாரம் தேடுவது வீண் சிரமம். மௌஸ் முனை தாராளமாக நகர, அதன் அடியிலுள்ள ஜன்னல்கள் மட்டும் சலனமற்று நிற்குமானால், அம்முனையைப் பெரும்பாலும் ஹார்டுவேரே தனி அடுக்காகக் காட்டுவதால், காட்சியைத் தயாரிக்கும் பகுதிதான் அடைபட்டிருக்கிறது, கெர்னல் உயிரோடு இருக்கிறது என்று அனுமானிக்கலாம். கேப்ஸ் லாக் விளக்கு விசைக்கு இணங்கி எரிந்து அணைவதும், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றுவதும் அந்த அனுமானத்தை வலுப்படுத்தும்.

மறுதொடக்கம் செய்தபின், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் முந்தைய பூட்டின் கெர்னல் பதிவுகளை வரவழைத்துப் பார்க்க வேண்டும். ‘ஃபிளிப் டன் டைம்ட் அவுட்’ என்ற வரி இருந்தால், புதிய காட்சி திரைக்கு மாறிவிட்டதென்ற அறிவிப்பு குறித்த காலத்துக்குள் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஏஎம்டி கருவிகளில் ‘ரிங் டைம்அவுட்’ என்றோ, என்விடியாவில் ‘எக்ஸ்ஐடி’ என்று தொடங்கும் எண்ணோ காணப்படுமாயின், சந்தேகம் முதலில் கிராபிக்ஸ் சிப்பின் மீதும் அதன் டிரைவரின் மீதும் செல்ல வேண்டுமேயன்றிக் கேபிளின் மீதன்று.

அடுத்து, டாக்கைக் கழற்றிவிட்டு மானிட்டரை நேராக லாப்டாப்பில் இணைத்துப் பார்ப்பது அவசியம். 4கே காட்சியை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்க ஏறத்தாழ 12 கிகாபிட் வேகம் வேண்டியிருக்க, யுஎஸ்பி-சி கேபிளின் நான்கு தடங்களில் இரண்டை யுஎஸ்பிக்கு ஒதுக்கிவிடும் டாக்கில், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தின்படி காட்சிக்கு மிஞ்சுவது 8.64 கிகாபிட் மட்டுமே. நேரடி இணைப்பில் கோளாறு மறைந்தால், புதுப்பிப்பு வேகத்தை 30 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துக் கொள்வதே, கண்ணுக்குச் சற்று அசௌகரியமாயினும், கெர்னலைத் தொடாத எளிய வழியாகும்.

கெர்னலோடு சேராத டிரைவர்கள் தனி வகை. டிஸ்ப்ளேலிங்க் டாக்குகளுக்குரிய ‘ஈவிடிஐ’ மாட்யூலும், டிகேஎம்எஸ் வழியாக நிறுவப்பட்ட என்விடியா மாட்யூலும், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டியவை. அது தவறினாலோ, செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாதிருந்தாலோ அவை ஏறா. இங்கே திரை உறைவதைவிட இருண்டுபோவதே அதிகம். அந்த டிரைவரைப் புதுப்பிப்பதே முறையான பரிகாரம்.

பழைய கெர்னல்

உபுண்டுவில் தொடக்கத்தின்போது கிரப் மெனுவைத் திறந்து முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். எதையும் நீக்காமல், எதையும் நிறுவாமல், குற்றம் கெர்னலுடையதா அன்றா என்பதைத் தெரிவித்து, அன்றைய வேலையையும் நடத்திக் கொடுக்கும் உபாயம் இது ஒன்றே. ஆதலால் யாவரும் இதையே முதலில் கைக்கொள்ள வேண்டும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வந்து சேராவாதலால், அங்கேயே நிரந்தரமாகக் குடியிருத்தல் தகாது. ஆர்ச் பாவிப்போருக்கோ, புதியது ஏறும்போதே பழையது நீங்கிவிடுமாதலால், எல்டிஎஸ் கெர்னலையும் முன்கூட்டியே பக்கத்தில் நிறுவி வைத்திருந்தாலன்றி இவ்வழி எளிதன்று.

பூட் அளபுரு

இன்டெலின் ஐ915 டிரைவரில் பிஎஸ்ஆர் என்னும் மின்சிக்கன வசதியை நிறுத்திவிடும்படி சொல்வது வெகு பிரசித்தமான யோசனை. ஆனால் அவ்வசதி லாப்டாப்பின் உட்திரைக்கென ஏற்பட்டது. உட்திரை நன்றாயிருக்க வெளித்திரை மட்டும் உறையும்போது அதனை நிறுத்துவதால் பேட்டரி செலவாகுமேயன்றிப் பிரயோஜனம் பெரும்பாலும் இராது. பதிவில் கண்ட வரிக்கும் சேர்க்கும் அளபுருவுக்கும் சம்பந்தம் புலப்பட்டால் மட்டுமே இவ்வழியில் செல்லலாம். முதலில் கிரப் மெனுவில் அந்த ஒரு தொடக்கத்துக்கு மாத்திரம் சேர்த்துச் சோதித்து, குணம் கண்ட பின்னரே நிலையாக எழுதுவது விவேகம்.

எல்டிஎஸ் கெர்னல்

நீண்டகால ஆதரவு பெற்ற கெர்னல், 6.6 அல்லது 6.12 போன்றது, பாதுகாப்பையும் நிதானத்தையும் ஒருங்கே தருமாதலால், கணினியே ஜீவனோபாயமானவர்களுக்கு உகந்தது. டெபியன் 12 தன் அடிப்படையாக 6.1-ஐயே கொண்டிருக்கிறது. உபுண்டு 24.04-இல், அதனோடு முதலில் வந்த 6.8 கெர்னலில் தங்குவதா, புதுக் கருவிகளுக்கென அவ்வப்போது மாறிவரும் எச்டபிள்யூஈ கெர்னலை ஏற்பதா என்பது இதற்கு ஒப்பான தேர்வு. ஆயினும் எல்டிஎஸ் என்ற பெயரே காப்பு என்று மயங்கலாகாது. 2022 டிசம்பரில் வெளியாகிப் பின்னர் எல்டிஎஸ் ஆன அந்த 6.1-இலேயே, ஒரே கேபிளில் பல திரைகளை நடத்தும் எம்எஸ்டி நிர்வாகம் மாற்றி எழுதப்பட்டதன் விளைவாக, ஏஎம்டி கணினிகளில் டாக் வழி இணைந்த திரைகள் செயலிழந்தன. திருத்தம் அடுத்த சிறுபதிப்புகளில்தான் வந்தது. அந்த நிதானம் சில மாதங்கள் பழகிய பின்பே கைகூடுவது. சந்தைக்குப் புதிதாய் வந்த லாப்டாப் உடையவரோ, அதன் சிப்பைப் பழைய எல்டிஎஸ் அறியாதிருக்கக்கூடுமாதலால், பின்னே போவதைவிட அடுத்த கெர்னலுக்கு முன்னேறிப் பார்ப்பதே நலம்.

பைசெக்ட்

குற்றம் செய்த மாற்றத்தையே தேடிப் பிடித்து அறிவிப்பது கடைசி வழி. சமூகத்துக்கு உபகாரமும் இதுவே. ஒரு பெரும்பதிப்பில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் பாதிபாதியாகக் கழித்துச் செல்வதால் சுமார் 14 கம்பைல்களில் முடிவு காணலாம். இரு சிறுபதிப்புகளுக்கிடையே சில நூறு மாற்றங்களேயாயின் எட்டு ஒன்பது போதும். ஆனால் கோளாறு வேண்டும்போது வரவழைக்கத் தக்கதாயிருக்க வேண்டும். இரண்டு நாளைக்கொருமுறை உறையும் திரையை வைத்துக்கொண்டு ‘இது நல்லது’ என்று தீர்ப்புச் சொல்ல முற்பட்டால், ஒரு தவறான தீர்ப்பு அதன்பின் செய்த உழைப்பு முழுவதையும் பாழாக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: அன்றைய வேலைக்குப் பழைய கெர்னல், நாலைந்து வாரத் தவணைக்கு, பதிவு சாட்சி சொன்னால் அளபுரு, நெடுநாளைக்குப் பழகிய எல்டிஎஸ், அவகாசமும் ஆர்வமும் உடையவர்க்குப் பைசெக்ட். எதைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்தப் பரிகாரத்தை ஒருமுறை விலக்கிச் சோதித்து, கோளாறு தீர்ந்திருந்தால் அதனையும் நீக்கிவிடுவதே முறை.