ஆழத்தில் மூச்சு: திரவ அமுக்கமும் சுழியோடியின் ரெகுலேற்றரும்

மாணவர்களே, திரவ அமுக்கம் என்றதும் பலர் சமன்பாட்டை மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறார்கள். பிரயோக வினா வந்தால் தடுமாறுகிறார்கள். எனவே இப்பாடத்தை மன்னார்க் கடலில் வைத்தே படிப்போம்.

மன்னார்த் தீவின் வடக்கே பாக்கு விரிகுடா. அது ஆழங்குறைந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. அது கரையிலிருந்து விலக விலக ஆழமாகி, ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களில்தான் அக்காலத்தில் முத்துக் குளித்தார்கள். ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீற்றர். சுழியோடி கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் இறங்குவார். ஒரு நிமிடமளவில் சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வருவார். அவரிடம் சிலிண்டரும் இல்லை, ரெகுலேற்றரும் இல்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

திரவ அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல்

கடல்நீரின் அடர்த்தி 1025 கி.கி.மீ⁻³, ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீ.செ⁻² எனக் கொள்க. 10 மீற்றர் ஆழத்தில் நீரினால் உண்டாகும் அமுக்கம் 10 × 1025 × 10 = 102 500 பாஸ்கல். இது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்திற்குச் சமன். நீரின் மேல் வளிமண்டலமும் அழுத்துவதால் மொத்தம் 2 வளிமண்டலம். இவ்வாறே 20 மீற்றரில் 3, 30 மீற்றரில் 4. வளிமண்டல அமுக்கத்தைக் கூட்ட மறப்பதுதான் இவ்வகை வினாவில் புள்ளி போகும் இடம்.

கல் கட்டி இறங்கியவரின் நுரையீரலில் மேற்பரப்பில் 6 லீற்றர் வளி இருந்தால், போயிலின் விதிப்படி 10 மீற்றரில் அது 3 லீற்றராகச் சுருங்கும். மேலே வரும்போது மீண்டும் 6 லீற்றராகும். அதற்கு மேல் விரியாது.

ஒரு நீண்ட குழாயால் மேலிருந்து வளியை உறிஞ்சினால் என்ன? ஒரு மீற்றர் ஆழத்தில் கூட நெஞ்சின் வெளியே 10 250 பாஸ்கல் கூடுதலாக இருக்கும். நெஞ்சின் பரப்பளவு 0.1 சதுர மீற்றர் எனில் விசை 1025 நியூட்டன். ஏறக்குறைய இரண்டு சீமெந்து மூடைகளை நெஞ்சில் ஏற்றியது போல. அதைத் தள்ளி மூச்செடுக்க எந்தத் தசையாலும் நெடுநேரம் முடியாது. ஆகவே, ஆழத்தில் நீர் எவ்வளவு அமுக்கத்தில் நெஞ்சை அழுத்துகிறதோ அதே அமுக்கத்தில் வளியை உள்ளே கொடுக்க வேண்டும். ரெகுலேற்றரின் வேலை அவ்வளவே. 1943 இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞ்ஞான் என்ற பொறியியலாளரும் இதைச் செய்து காட்டினார்கள். போர்க்காலத்தில் பெற்றோல் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்காக அமைத்த ஒரு வால்வையே அவர்கள் இதற்கு மாற்றியமைத்தார்கள்!

ரெகுலேற்றருக்கு இரண்டு படிகள் உண்டு. சிலிண்டரில் பூட்டப்படும் முதலாம் படி, ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தை விட 9 அல்லது 10 வளிமண்டலம் மட்டும் கூடியதாகக் குறைக்கிறது. வாயில் வைக்கும் இரண்டாம் படியில் ஒரு மெல்லிய இறப்பர் தகடு இருக்கிறது. நீங்கள் மூச்சை இழுத்ததும் உள்ளே அமுக்கம் சற்றுக் குறையும். வெளியே உள்ள நீர் தகட்டை உள்ளே தள்ளும். தகடு ஒரு நெம்பை அழுத்தி வால்வைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும்.

இப்போது தெரிவு. விலைப்பட்டியல்களில் "குளிர்நீருக்கு ஏற்றது" என்று சில ரெகுலேற்றர்கள் இருக்கும், விலையும் கூட இருக்கும். சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திறந்துவிட்டால் வெளிவரும் காற்று குளிர்வதைக் கவனித்திருப்பீர்கள். விரியும் வாயு குளிரும். முதலாம் படியில் இது மிகக் கடுமையாக நடக்கிறது. சுற்றியுள்ள நீரும் குளிராயின் அங்கே பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும், வளி முழுவதும் சீறி வெளியேறும். ஆதலால்தான் ஐரோப்பிய நியமம் ஈ.என். 250, 10 பாகை செல்சியசிற்குக் குறைந்த நீருக்கான ரெகுலேற்றர்களை 4 பாகை நீரில் சோதிக்கக் கோருகிறது. மன்னாரில் சுழியோடும் ஆழங்களில் நீர் அந்த 10 பாகைக்கு அண்மையில் கூடப் போவதில்லை. குளிர் இங்கே வாங்குவோரின் கவலையன்று.

கவலைப்பட வேண்டியவை மணலும் உப்பும் ஆழமுமே. முதலாம் படியில் முசல வகை, மென்தகட்டு வகை என இரண்டு உண்டு. மென்தகட்டு வகையில் அசையும் பாகங்களுக்குள் கடல்நீர் புகாது. கலங்கிய நீருக்கு அதுவே நல்லது. அடுத்து, சமப்படுத்திய வகையா என்று பார்க்க வேண்டும். சமப்படுத்தாத முசல வகையில் சிலிண்டரின் அமுக்கம் குறையக் குறைய மூச்சிழுப்பது கடினமாகும். 30 மீற்றரில் வளியின் அடர்த்தியே நான்கு மடங்கு என்பதால் அக்கடினம் உறைக்கும். எந்த வகையாயினும் நன்னீரில் கழுவி, வருடந்தோறும் பழுதுபார்ப்பது அவசியம்.

ஆனால் மிக நல்ல ரெகுலேற்றராலும் செய்ய முடியாத ஒன்று உண்டு. அது நுரையீரலுக்கு அமுக்கத்தைச் சமப்படுத்துகிறது. அதே காரணத்தால் குருதியில் நைதரசனை ஏற்றுகிறது. ஹென்றியின் விதிப்படி, கரையும் வாயுவின் அளவு அதன் பகுதியமுக்கத்திற்கு நேர்விகிதசமன். 30 மீற்றரில் நைதரசனின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 3.1 வளிமண்டலம், கரையில் 0.78 மட்டுமே. சுழியோடி விரைவாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் போல, நைதரசன் இழையங்களில் குமிழிகளாகும். மூட்டு நோகும், கால் மரக்கும், சிறுநீர் போகாது. முண்ணாணில் குமிழி அடைத்தால் இடுப்பின் கீழ் செயலிழக்கும். சங்கும் கடலட்டையும் எடுக்க சிலிண்டருடன் இறங்கும் இளைஞர்களுக்கு இதுவே பெரிய ஆபத்து.

12 லீற்றர் சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்தில் வளி உள்ளது. 50 ஐ மிச்சம் வைத்தால் பயன்படுவது 150 × 12 = 1800 லீற்றர். மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லீற்றர் சுவாசிப்பவர் 30 மீற்றரில் 80 லீற்றர் எடுப்பார். சிலிண்டர் 22 நிமிடத்தில் முடியும். பொழுதுபோக்குச் சுழியோடிகளின் அட்டவணைகள் அந்த ஆழத்தில் அனுமதிக்கும் நேரமும் ஏறத்தாழ 20 நிமிடமே. அதாவது முதல் சிலிண்டர் எல்லையிலேயே கொண்டுபோய் விடுகிறது. உடலிலுள்ள நைதரசன் வெளியேறுமுன் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருடன் இறங்கும்போது எல்லை தாண்டப்படுகிறது. மூச்சு இலகுவாக வருவதால் உள்ளே நடப்பது தெரிவதில்லை.

பயிற்சி வினாக்கள்

1. 20 மீற்றர் ஆழத்தில் மேற்கூறிய சிலிண்டர் எவ்வளவு நேரம் போதும்?
விடை: மொத்த அமுக்கம் 3 வளிமண்டலம். நிமிடத்திற்கு 60 லீற்றர். 1800 ÷ 60 = 30 நிமிடம்.

2. ரெகுலேற்றருடன் சுழியோடுபவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது. கல் கட்டி இறங்கியவருக்கு இத்தடை இல்லை. ஏன்?
விடை: முன்னவர் 30 மீற்றரில் 4 வளிமண்டல அமுக்கத்தில் 6 லீற்றர் வளியை உள்ளெடுத்தால், மேற்பரப்பில் அது 24 லீற்றராக விரிய முயலும். நுரையீரல் கிழியும். பின்னவர் மேற்பரப்பில் எடுத்த வளியையே கொண்டுசென்றார்.

3. மூன்று சிலிண்டர் முடித்து படகில் ஏறியவருக்கு அரை மணித்தியாலத்தில் கால்கள் மரத்தன. தோழர் "திரும்ப இறங்கினால் சரியாகும்" என்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது யாது?
விடை: இறங்க விடக் கூடாது. கடலில் உணர்விழந்தால் மூழ்குவார். மல்லாக்கப் படுக்கவைத்து, இருந்தால் தூய ஒட்சிசன் கொடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, எத்தனை மீற்றரில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அமுக்க அறையில் மீண்டும் அமுக்கத்தைக் கூட்டி, மெதுவாகக் குறைப்பதே சிகிச்சை.