பெரிய பக்கம் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தேடுவது வேகத்தைக் கூட்டும் வழிகளைத்தான். அப்படித் தேடும்போது "ஹியூஜ் பேஜ்" அல்லது "லார்ஜ் பேஜ்" என்ற சொல் கண்ணில் படும். இதை ஆன் செய்தால் போதும், வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது என்ன, யாருக்குப் பயன்படும், யாருக்குத் தொல்லை தரும் என்று இங்கே பார்ப்போம்.

பக்கம் என்றால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி கெர்னல். ராம் மெமரியை எல்லா புரோகிராம்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பங்கிட வசதியாக, மெமரியைச் சம அளவுத் துண்டுகளாக அது பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டுக்குப் பேஜ், அதாவது பக்கம் என்று பெயர். 1985ல் வந்த இன்டெல் 386 சிப் முதல் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4 கே.பி. உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் இருந்தால், அதில் 20,97,152 பக்கங்கள் இருக்கும்.

எந்தப் புரோகிராமின் எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்பதைப் பேஜ் டேபிள் என்ற பதிவேட்டில் கெர்னல் எழுதி வைக்கிறது. இன்றைய 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. கம்ப்யூட்டர்களில் இது பெரும்பாலும் நான்கு அடுக்குப் பதிவேடு. ஒவ்வொரு முறையும் நான்கு அடுக்கையும் புரட்டினால் நேரம் வீணாகும். எனவே அண்மையில் பார்த்த முகவரிகளைக் குறித்து வைக்க, புரோசசருக்குள்ளேயே டி.எல்.பி. என்ற சிறிய குறிப்பேடு இருக்கிறது.

ஏடும் கட்டும்

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர் பெற்றது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005ல் யுனெஸ்கோவின் "மெமரி ஆஃப் தி வேர்ல்டு" பதிவேட்டில் இடம்பெற்றன. நம் பாடமும் மெமரிதான் என்பதால், இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

ஒரு சுவடி நூலகரின் மேஜையில் சின்னக் குறிப்பட்டை ஒன்று இருக்கிறது. அதில் நூறு வரிகள்தான் எழுத முடியும். ஒவ்வொரு ஏடு எங்கே இருக்கிறது என்று தனித்தனியாக எழுதினால், நூறு ஏட்டோடு அட்டை நிரம்பிவிடும். அடுத்த ஏட்டைக் கேட்டால் பெரிய பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஏட்டுக்குப் பதில் கட்டு கட்டாக எழுதினால், அதே நூறு வரியில் நூறு கட்டுகள் அடங்கும். பெரிய பக்கத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

பெரிய பக்கத்தின் அளவு 2 எம்.பி. அதாவது 512 சிறிய பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டு. 2015ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் புரோசசரின் இரண்டாம் நிலை டி.எல்.பி.யில் 1,536 வரிகள் உண்டு. 4 கே.பி. பக்கங்களாக இருந்தால் அதில் 6 எம்.பி. மெமரிக்கான முகவரிகளே அடங்கும். 2 எம்.பி. பக்கங்களாக இருந்தால் 3 ஜி.பி.க்கான முகவரிகள் அடங்கும்!

அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாக்கலாமே?

இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, ஓர் ஏடு மட்டும் தேவைப்பட்டவருக்கு ஒரு கட்டையே தூக்கிக் கொடுத்தால் மீதி ஏடுகள் வீணாக முடங்கிக் கிடக்கும். மெமரியும் அப்படித்தான். இரண்டு, ஒரு கட்டு வைக்க அலமாரியில் சேர்ந்தாற்போல் இடம் வேண்டும். கம்ப்யூட்டர் நெடுநேரம் ஓடிய பிறகு காலி இடம் அங்கங்கே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். கெர்னல் பக்கங்களை நகர்த்தி இடத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கும் நேரம் செலவாகும்.

லினக்ஸில் முதலில் வந்த முறையில், பெரிய பக்கங்களை நாமே முன்கூட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். இதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 4 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் 1,024 பெரிய பக்கங்களை ஒதுக்கினால் 2 ஜி.பி. போய்விடும். அது காலியாகவே கிடந்தாலும் பிரௌசர் போன்ற சாதாரணப் புரோகிராம்கள் அதைத் தொட முடியாது. பாதி மெமரியோடு கம்ப்யூட்டர் திணறும்.

2011 மார்ச்சில் வந்த 2.6.38 கெர்னலில் இதற்கு வழி பிறந்தது. ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி எழுதிய "டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ்" என்ற வசதி, நாம் எதுவும் ஒதுக்காமலே தேவையான இடத்தில் சிறிய பக்கங்களைச் சேர்த்துப் பெரிய பக்கமாக்குகிறது. ஆனாலும் இது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் இதை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. மாங்கோ டி.பி.யும் முன்பு அப்படித்தான் சொன்னது. 2024ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து ஆன் செய்யச் சொல்கிறது.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

1. கடிதம் டைப் செய்வது, இன்டர்நெட் பார்ப்பது, பாட்டுக் கேட்பது போன்ற வேலைகளுக்கு இதனால் பெரிய மாற்றம் தெரியாது. பல ஜி.பி. மெமரியை ஒரே நேரத்தில் புரட்டும் டேட்டாபேஸ், வர்ச்சுவல் மெஷின் போன்றவற்றுக்கே பயன் அதிகம்.

2. விண்டோஸில் ஒரு புரோகிராம் லார்ஜ் பேஜைத் தானே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு "லாக் பேஜஸ் இன் மெமரி" என்ற உரிமையும் வேண்டும். அந்தப் புரோகிராமின் கையேடு சொன்னால் மட்டும் அந்த உரிமையைக் கொடுங்கள்.

3. லினக்ஸில், ப்ராக் டைரக்டரியில் உள்ள மெம்இன்ஃபோ பைலைத் திறந்து பாருங்கள். அனான் ஹியூஜ் பேஜஸ் என்ற வரியில், இப்போது எவ்வளவு மெமரி பெரிய பக்கமாக இருக்கிறது என்று தெரியும். பார்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. மாற்றத்தான் வேண்டாம்.

4. டாஸ்க் மானேஜரில் மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? உங்களுக்குத் தேவை கூடுதல் ராம். பெரிய பக்கம் முகவரி தேடும் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும். இல்லாத மெமரியை அது உண்டாக்காது.

சுவடியைக் கட்டாக வைப்பதா, ஏடாகப் பிரிப்பதா என்று நூலகருக்குத் தெரியும். கெர்னலுக்கும் தெரியும். அதன் வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.